எடை குறையும்வரை மூச்சு காத்திருக்காது

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 46 வயது. லாரி டிரைவர். சங்ககிரியில் லோடு ஏற்றி பெங்களூரு, ஹைதராபாத் என்று போய்வருவார். கல்யாணத்தின்போது 68 கிலோ இருந்தவர் இப்போது 104 கிலோ. உயரம் 168 செ.மீ. அவர் விடும் குறட்டை பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். அதுகூட பழகிவிட்டது. ஆனால் நடுவில் திடீரென்று சத்தம் நின்றுவிடுகிறது. வயிறு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. அப்புறம் திணறிக்கொண்டு பெரிய சத்தத்தோடு திரும்ப வரும். நான் பயந்துபோய்த் தட்டி எழுப்புவேன். ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். சுகர் பார்த்தோம், இல்லை. காலையில் தலைவலி. பி.பி.க்கு இரண்டு மாத்திரை போட்டும் 150-க்குக் கீழே வரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார். போன மாதம் தொப்பூர் இறக்கத்தில் ஒரு நொடி கண் சொருகிவிட்டது என்று கூடப் போன கிளீனர் பையன் சொன்னான். என் மாமியார், “அலைஞ்சுட்டு வந்து அசந்து தூங்குறான், எழுப்பாதே” என்கிறார். ஒரு டாக்டரிடம் காட்டினோம். “முதல்ல இருபது கிலோ குறைச்சுட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்” என்றார். ஆறு மாதம் முயற்சி செய்து இரண்டு கிலோ இறங்கி, மூன்று கிலோ ஏறிவிட்டது. என் அம்மா வீடு ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில். அங்கே போய்ப் படுத்தால் இன்னும் அதிகமாகத் திணறுகிறார். எல்லாவற்றுக்கும் எடைதான் காரணமா? மூச்சுக்கு மெஷின் வைத்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்களே, நிஜமா? 11 வயது மகளும் கொஞ்சம் குண்டு. அவளும் குறட்டை விடுகிறாள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், தொப்பூர் இறக்கத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பரிசோதனை முடிந்து, சிகிச்சை ஆரம்பித்து, பகல் தூக்கம் அவரை விட்டுப் போகும்வரை உங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டக் கூடாது. ராத்திரி டிரிப்பை மட்டும் விட்டால் போதாது, பகலிலும் வேண்டாம். டிரிப் போனால்தான் படிக்காசு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கண் சொருகுவது நாலு வினாடி என்றால் அறுபது மீட்டருக்கு மேல் அந்த லாரியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம். டீ குடிப்பது, முகம் கழுவுவது, ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது எல்லாம் இந்தத் தூக்கத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சிகிச்சை சரியாக அமைந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பகல் தூக்கம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ விலகத் தொடங்கிவிடும். அந்தச் சில வாரங்களுக்கு ஓனரிடம் உண்மையைச் சொல்லி, ஷெட்டில் வேறு வேலை கேட்கச் சொல்லுங்கள். நீங்களே ஒருமுறை நேரில் போய்ப் பேசினாலும் தப்பில்லை.

இனி அவருடைய தொல்லைக்கு வருவோம். நீங்கள் எழுதியிருக்கும் வர்ணனையை மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம். சத்தம் நிற்பது, வயிறும் நெஞ்சும் அசைவது, ஆனால் காற்று போகாமல் இருப்பது, பிறகு திணறலோடு திரும்புவது. இதற்கு அடைப்பினால் வரும் தூக்க மூச்சுத்தடை என்று பெயர். ஆஸ்பத்திரியில் ஸ்லீப் அப்னியா என்பார்கள். உங்கள் மாமியார் பெற்ற மனசோடு பேசுகிறார், அவர் மேல் வருத்தப்படாதீர்கள். ஆனால் அவர் மகன் அசந்து தூங்கவில்லை. ராத்திரி முழுக்க மூச்சுக்காகப் போராடுகிறார். காலையில் எழும்போது அந்தப் போராட்டம் எதுவும் அவருக்கு நினைவில் இருக்காது. அதனால்தான் “எனக்கென்ன, நல்லாத்தானே தூங்குறேன்” என்று இவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். இந்த நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான்.

எடை இதில் எங்கே வருகிறது என்று கேட்டீர்கள். நம் மூச்சுக்குழாயைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன, அது எளிதில் மடங்காது. அதற்கு மேலே, உள்நாக்குப் பக்கத்திலிருந்து குரல்வளை வரைக்கும் இருக்கும் தொண்டைப் பகுதிக்கு அப்படி வளையம் கிடையாது. சுற்றியிருக்கும் தசைகள்தான் அதைத் திறந்து பிடித்திருக்கின்றன. விழித்திருக்கும்போது பிரச்சினை இல்லை. தூங்கும்போது அந்தத் தசைகள் தளரும். இளநீர்க் கடையில் கொடுக்கிற பேப்பர் ஸ்ட்ரா நனைந்துபோனால், உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிக்கொள்ளும் இல்லையா, தளர்ந்த தொண்டையும் மூச்சை இழுக்க இழுக்க அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. எடை ஏறும்போது கொழுப்பு தொப்பையில் மட்டும் சேர்வதில்லை. தொண்டையின் இரு பக்கச் சுவர்களிலும், நாக்குக்கு உள்ளேயும் சேர்கிறது. நாக்கில் கொழுப்பா என்று ஆச்சரியமாக இருக்கும். எடை குறைத்தவர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து ஆராய்ந்து அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்டார்கள். மூச்சுத்தடை குறைந்ததற்கு முக்கியக் காரணமாக அவர்கள் கண்டது, நாக்கிலிருந்த கொழுப்பு கரைந்ததைத்தான்.

தொப்பைக்கும் தனி வேலை இருக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் கீழே இறங்கினால்தான் நுரையீரல் விரியும். மல்லாந்து படுத்ததும் வயிற்றுக் கொழுப்பு அந்த உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மூச்சு விட்டு முடித்த பிறகு நுரையீரலில் மிச்சமிருக்க வேண்டிய காற்று குறைந்துபோகிறது. அந்த மிச்சக் காற்றுதான் மூச்சு நிற்கிற நேரத்துக்கு இருப்பு. இருப்பு குறைவாக உள்ளவருக்கு இருபது வினாடி மூச்சு நின்றாலே ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரசரவென்று இறங்கிவிடும். இது போதாதென்று, நுரையீரல் சுருங்கும்போது தொண்டையைக் கீழ்நோக்கி இழுத்து விறைப்பாக வைத்திருக்கும் பிடிமானமும் தளர்ந்து, தொண்டை இன்னும் எளிதாக மூடிக்கொள்கிறது. மாடிப்படி ஏறினால் அவருக்கு மேல்மூச்சு வாங்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நிச்சயம் வாங்கும். எடை கூடியவர்களுக்கு வரும் இந்த மேல்மூச்சை ஆஸ்துமா என்று நினைத்து, ஊதிப் பார்க்கிற சோதனைகூடச் செய்யாமல் வருடக்கணக்கில் பஃப் அடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. உண்மையான ஆஸ்துமா இருப்பவர்களுக்கு எடை ஏறினால் அது அடங்க மறுக்கும் என்பதும் சரிதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க முதல் படி ஸ்பைரோமெட்ரி என்ற அந்த ஊதும் சோதனைதான், பத்துப் பதினைந்து நிமிட வேலை.

ராத்திரி சிறுநீர் விஷயத்தைக் கவனித்து எழுதியதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். தொண்டை அடைத்த நிலையில் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் இழுவிசையில் இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாகப் புரிந்துகொண்டு, நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் சொன்னதைச் செய்கிறது. சுகர் என்றும் புராஸ்டேட் என்றும் அலைந்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வருகிறவர்கள் நிறைய. காலைத் தலைவலிக்கு ராத்திரியில் ரத்தத்தில் தங்கிப்போகும் கரியமில வாயு ஒரு காரணம். பி.பி. இறங்காததற்கும் இதே கதைதான். ஒவ்வொரு தடவை மூச்சு நின்று மூளை பதறி எழுப்பும்போதும் அட்ரினலின் ஏறுகிறது, ரத்த அழுத்தம் துள்ளுகிறது. அந்தத் துள்ளல் பகலிலும் அடங்குவதில்லை. மாத்திரைக்கு அடங்காத பி.பி. உள்ளவர்களிடம் மூச்சுத்தடையைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் துறையில் எழுதிவைத்த விதி. இதைக் கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்புக் கோளாறு, மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் போகக்கூடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எடைதான் எல்லாவற்றுக்கும் காரணமா என்றால், பெரும்பங்கு அதுதான், முழுக்க அது இல்லை. தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருப்பது, டான்சில், மூக்கடைப்பு, தைராய்டு குறைபாடு, புகை, மது, தூக்க மாத்திரை என்று வேறு பல காரணங்களும் சேரும். நம் நாட்டவர்களுக்கு எடை கணக்கே வேறு. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. எண் வெள்ளைக்காரர்களுக்கு 30 தாண்டினால்தான் உடல்பருமன், நமக்கு 25-லேயே. ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. அம்மாபேட்டையில் தறியிலும் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையிலும் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களில், பார்வைக்கு ஒல்லியாகத் தெரிந்து தொப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் இது வரும். உங்கள் வீட்டுக்காரருக்குக் கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 37.

பரிசோதனைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு கணக்கு பார்க்கலாம். எட்டுக் கேள்விகள், ஆமாம் அல்லது இல்லை. சத்தமான குறட்டை உண்டா, பகலில் சோர்வா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பி.பி. உண்டா, பி.எம்.ஐ. 35-க்கு மேலா, வயது 50-க்கு மேலா, கழுத்து தடிமனா, ஆணா. கழுத்துக்குத் தையல்காரர் டேப்பை எடுத்துக் குரல்வளை மேட்டை ஒட்டிச் சுற்றி அளவெடுங்கள். ஆண்களுக்கு 43 செ.மீ., அதாவது 17 அங்குலம் எட்டினால் தடிமன் என்று கணக்கு. எட்டில் ஐந்து ஆமாம் வந்தாலே ஆபத்து அதிகம். உங்கள் கடிதத்திலிருந்தே எனக்கு ஆறு கிடைத்துவிட்டது. கழுத்தளவு தெரிந்தால் ஏழாகலாம்.

அடுத்தது ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனை. மூக்கருகே ஒரு சின்னக் குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப். இப்போது வீட்டிலேயே ஒரு ராத்திரி மாட்டிவிட்டுப் பதிவு செய்துவிடலாம். பத்து வினாடியும் அதற்கு மேலும் மூச்சு நிற்பதையோ பாதியாக அடைபடுவதையோ எண்ணி, மணிக்கு எத்தனை என்று சொல்வார்கள். 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பேச்சுக்கு, மணிக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத் தூக்கத்தில் 280 தடவை. இவ்வளவு தடவை ஒருவரைத் தட்டித் தட்டி எழுப்பிவிட்டு, காலையில் லாரி ஓட்டு என்றால் அவர் என்ன செய்வார்? எடையைக் கவனித்து மருத்துவர் ரத்தத்தில் பைகார்பனேட் அளவையும் பார்க்கச் சொல்வார். அது 27-ஐ எட்டியிருந்தால், பகலிலும் கரியமில வாயு தேங்குகிறதா என்று அடுத்த கட்டச் சோதனை செய்ய வேண்டிவரும். கால் வீக்கம் இருந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது “இருபது கிலோ குறைச்சுட்டு வாங்க” என்ற வார்த்தைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தந்த வரி அதுதான். எடை குறைத்தால் நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் சாதாரண மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று உண்டு. எடை 10 சதவீதம் ஏறினால் மூச்சுத்தடை எண்ணிக்கை சுமார் 32 சதவீதம் ஏறும், 10 சதவீதம் குறைந்தால் சுமார் 26 சதவீதம் குறையும் என்று அது சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் படாதபாடுபட்டுப் பத்து கிலோ குறைத்தாலும், மணிக்கு 40 என்பது 30-க்குத்தான் வரும். அப்போதும் அது தீவிரத்தின் விளிம்பில் நிற்கிற நோய்தான். அந்தப் பத்து கிலோவுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். அதுவரை தினமும் ராத்திரி மூச்சு நிற்கும், தினமும் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எடையைக் காரணம் காட்டி மூச்சுக்கான வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

இன்னொன்று. அவர் எடை குறைக்கத் தவறியது சோம்பலால் வந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்லாதீர்கள். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்கும். அப்படிப்பட்ட பசி இனிப்பையும் மாவையும் எண்ணெயையும்தான் தேடும். உடம்போ நடக்கவே மறுக்கும். எடை மூச்சைக் கெடுக்கிறது, கெட்ட மூச்சு எடையை ஏற்றுகிறது. அதை எங்கே அறுப்பது என்றால், முதலில் மூச்சில்தான். அது ஒன்றுதான் இன்று ராத்திரியே கைக்கு எட்டும்.

அதற்குத்தான் சி-பேப் மெஷின். 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் தன் குழுவோடு இதை அறிமுகப்படுத்தினார். இது ஆக்ஸிஜன் கொடுக்கிற மெஷின் இல்லை. சாதாரணக் காற்றையே மெல்லிய அழுத்தத்தோடு மாஸ்க் வழியாகச் செலுத்தி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைக்கும். மருந்து ஏதும் உள்ளே போவதில்லை, பழக்க அடிமைத்தனமும் கிடையாது. ஆயுசுக்கும் விட முடியாதா என்றால், நோய் இருக்கும்வரை வேண்டும். எடை நன்றாகக் குறைந்த பிறகு மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுப்போம். சிலருக்கு அழுத்தத்தைக் குறைக்கலாம், சிலருக்கு மெஷினையே எடுத்துவிடலாம், சிலருக்குத் தொடர வேண்டியிருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்வதற்கு யாரும் வெட்கப்படுவதில்லையே, இதற்கும் வேண்டாம்.

பழகுவதுதான் கஷ்டம், அதை மறைக்கக் கூடாது. என்னிடம் வந்த ஒரு டிரைவர், மாஸ்க்கைக் கையில் வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை மாட்டிட்டு மூச்சு முட்டிச் செத்துட்டா?” என்றார். பயம் நியாயமானது. மாட்டாமல் முகத்தருகே பிடித்து, காற்று கன்னத்தில் படும்படி வைத்தோம். அப்புறம் மூக்கின் மேல், பட்டை கட்டாமல், அவர் கையாலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னோம். வாயை மூடி நாலு மூச்சு விட்டதும் தோள் இரண்டும் தானாக இறங்கின. பட்டையைக் கட்டிய கொஞ்ச நேரத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார், குறட்டை இல்லாமல். வெளியே நின்ற அவர் மனைவி, சத்தம் வரவில்லையே என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வீட்டிலும் இதே மாதிரி செய்யுங்கள். முதலில் பகலில், டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டட்டும். பெரிய மீசை இருந்தால் சில மாஸ்க்கில் ஓரத்தில் காற்று கசியும், மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் மாடலைக் கேளுங்கள். மூக்கு காய்ந்தால் ஈரப்பதம் தரும் தொட்டி வைத்த மெஷின் நல்லது, அதில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மாஸ்க்கைத் தினமும் துடைத்து, வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மெஷின் விலை சில பத்தாயிரம் ரூபாய். வாடகைக்கும் கிடைக்கிறது, முதல் மாதம் வாடகையில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மறுபடி டிரிப் போகத் தொடங்கிய பிறகும் மெஷின் கூடவே போக வேண்டும். லாரியின் 24 வோல்ட் பேட்டரியில் ஓட்டுவதற்கான கன்வெர்ட்டர் உள்ள மாடல்கள் இருக்கின்றன. வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் எடையைக் குறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு மெஷின் வைத்த பிறகு ஒரு கிலோ அரைக் கிலோ ஏறுவதுகூட உண்டு, ராத்திரி முழுக்கப் போராடிச் செலவான சக்தி இப்போது மிச்சமாகிறது அல்லவா. ஆனால் தூங்கி எழுந்த உடம்பில் நடக்கத் தெம்பு வரும். அந்தத் தெம்பை வீணாக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இருபது கிலோ என்ற எண்ணை மறந்துவிடுங்கள். முதல் இலக்கு ஐந்து கிலோ, அப்புறம் பத்து.

அவர் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. லைனில் இருக்கும் டிரைவர்களின் சாப்பாடு எனக்கு ஓரளவு தெரியும். ஒரு நாளில் எட்டு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 80 கிராம் சர்க்கரை, 320 கலோரி, வயிறு நிறையாமலே உள்ளே போய்விடுகிறது. சர்க்கரை இல்லாமல் மூன்று டீயோடு நிறுத்தினால் அதுவே பெரிய வெற்றி. ராத்திரி பதினொரு மணிக்கு ரோட்டோரத்தில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வண்டியிலேயே சாய்வதை விட்டே ஆக வேண்டும். ஏழு, எட்டு மணிக்குள் இட்லியோ சப்பாத்தியோ, கூட முட்டை அல்லது சுண்டல் என்று முடித்துக்கொள்ளட்டும். வீட்டில் இருக்கிற நாளில் ராகிக் களி நல்லதுதான், ஆனால் உருண்டை எவ்வளவு பெரியது என்பதையும் பாருங்கள். ஒரு உருண்டைக் களிக்கு இரண்டு பங்கு கீரைக் குழம்பு இருக்கட்டும். “கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று நம் பக்கத்தில் எல்லோரும் கொள்ளு ரசம் வைப்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைத்து ஊற்றிவிடாது. புரதமும் நாரும் இருப்பதால் வயிறு நிறைந்து அடுத்த வேளை குறைவாகச் சாப்பிட வைக்கும், அதற்காகத் தாராளமாகச் சேருங்கள். சாயங்காலத் தட்டுவடை செட்டு வாரம் ஒரு நாள். மல்கோவா சீசனில் பழமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பகலில் இரண்டு துண்டு போதும், ஜூஸ் வேண்டாம்.

ஊசி போட்டு எடை குறைப்பதைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். டிர்செபடைட் என்ற வாராந்திர ஊசியை, உடல்பருமனோடு நடுத்தர, தீவிர மூச்சுத்தடை உள்ள பெரியவர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 டிசம்பரில் அனுமதித்தது. 2025 முதல் அந்த ஊசி இந்தியாவிலும் விற்பனையில் இருக்கிறது. ஆய்வுகளில் எடையும் மூச்சுத்தடையும் நன்றாகவே குறைந்தன. ஆனால் செலவு அதிகம், குமட்டல், வாந்தி வரலாம், நிறுத்தினால் எடை திரும்பும், சில வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடக் கூடாது. மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் ஒரு வழி. பி.பி. போன்ற நோயோடு பி.எம்.ஐ. 32.5 தாண்டிய ஆசியர்களுக்கு அதைப் பரிசீலிக்கலாம், அந்தக் கணக்கில் அவர் வருகிறார். இரண்டையுமே மெஷின் பழகி, உணவு மாறி, ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நாகலூரில் அதிகமாகத் திணறுவது உங்கள் பிரமை இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. நல்ல உடம்புக்காரருக்கு இது தெரியவே தெரியாது. இவருக்கோ ஆரம்ப அளவே கீழே இருப்பதால், மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் ஆழமாக இறங்கும். குளிரில் மூக்கடைப்பு வேறு. விருந்துக்குப் போன இடத்தில் இரண்டு கிளாஸ் மது சேர்ந்தால் தொண்டைத் தசை இன்னும் தளரும். மெஷின் வரும்வரை மேலே போய்ப் பகலில் பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிவிடுங்கள், வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். மெஷின் வந்த பிறகு அதையும் எடுத்துக்கொண்டு தாராளமாகத் தங்கலாம்.

பரிசோதனை நடக்கும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, பழைய துணியைப் பந்தாகச் சுருட்டி வைத்தால் மல்லாந்து புரள மாட்டார். கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மது வேண்டவே வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுவிடக் கூடாது, அது மூச்சுத்தடையை மோசமாக்கலாம்.

மகளைப் பற்றி. சளி பிடித்த நாட்களில் குழந்தை குறட்டை விட்டால் பெரிதுபடுத்த வேண்டாம். தினமும் விடுகிறாள், வாயைத் திறந்து தூங்குகிறாள், படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கிறாள், வகுப்பில் கவனம் இல்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தைகளுக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும்தான் முக்கியக் காரணம். எடை அதோடு சேர்ந்துகொள்ளும். “குண்டு” என்ற சொல்லை அவள் காதுபட யாரும் சொல்ல வேண்டாம். வீட்டுக்கே ஒரே சாப்பாடு மாறட்டும், அப்பாவுக்காக என்று மாறினால் அவளுக்கும் அது போதும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சுவாச நோய்ப் பிரிவுக்குப் போகலாம், அல்லது உங்களுக்கு வசதியான நுரையீரல் மருத்துவரிடம் போகலாம். போகும் முன் ஒரு ராத்திரி அவர் தூங்கும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். முகமும் நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும், மூச்சு நின்று திரும்பி வரும் இடம் அதில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். அந்த வீடியோவை முதலில் உங்கள் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் காட்டுங்கள், அப்புறம் மருத்துவரிடம். பி.பி. மாத்திரைச் சீட்டு, கழுத்தளவு, இடுப்பளவு எழுதிய தாள், முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மெஷின் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது “எடை குறையட்டும், அப்புறம் பார்ப்போம்” என்று மறுபடி சொன்னால், தொப்பூரில் நடந்ததைச் சொல்லி, ஸ்லீப் ஸ்டடிக்கு இன்றே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.